உடல் பருமனும் நம் ஒருசந்தியும்

(ஜூபிலி விழாத் தயாரிப்புக் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



ஜூபிலியின் கொடியைப் பற்றியும் தேரைப் பற்றியும் பேச அநேகர் இருக்கின்றார்கள். நாம் வயிற்றைப் பற்றிப் பேச வந்திருக்கின்றோம். திருப்பலியில் முழந்தாட்படியிட்டபின் பீடத்தைப் பிடித்துக்கொண்டு நாம் எழுவதை நீங்கள் பார்த்திருக்கின்றீர்கள். வயது என்று எண்ணியிருப்பீர்கள். வயதல்ல, எடை. உடலில் ஒரு கிலோ கூடினால், நடக்கையில் ஒவ்வோர் அடிக்கும் முழங்காலின்மேல் ஏறக்குறைய 4 கிலோ பளு கூடுகிறது என மருத்துவர்கள் கணக்கிட்டிருக்கின்றார்கள்.

முழங்கால் நோவாவது வெளியே தெரியும். குடலைச் சுற்றியும் கல்லீரலிலும் படிகிற கொழுப்போ ஓசையில்லாமல் வேலை செய்கிறது. கணையம் சுரக்கும் இன்சுலினை அது செயல்பட விடுவதில்லை. சர்க்கரை இரத்தத்திலேயே தங்கிவிடுகிறது. இரத்த அழுத்தம் ஏறுகிறது, இருதயக் குழாய்கள் அடைபடுகின்றன. கழுத்தில் சதை வைத்தவர்களுக்கு உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது. "நன்றாகக் குறட்டை விட்டுத் தூங்குகிறார்" என்று வீட்டார் மகிழ்கின்றார்கள்!

இதில் நமக்கு ஒரு தனிச் சங்கடம். ஐரோப்பியரைவிடக் குறைந்த எடையிலேயே நம்மவர்க்கு நீரிழிவு வருகிறது. ஆகவே உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் 2004-ஆம் ஆண்டில் ஆசிய மக்களுக்கெனத் தாழ்ந்த எச்சரிக்கை அளவுகளை வகுத்தார்கள். அதன்படி 165 செ.மீ. உயரமுள்ளவர் 62½ கிலோவைத் தாண்டினாலே கவனம் வேண்டும். 75 கிலோ என்றால் ஆபத்து மிகுதி. தராசு இல்லையா? இடுப்பை அளந்து பாருங்கள். ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ., அதற்குமேல் போகலாகாது. கைகால் மெலிந்து வயிறு மட்டும் முன்வந்தவர்களுக்கும் இது பொருந்தும்.

போசனப்பிரியம் தலையான பாவங்கள் ஏழில் ஒன்றென்று ஞானோபதேசத்தில் மனப்பாடம் செய்தோம். அதற்காகப் பருமனானவரைப் பாவி என்று எவரும் சொல்லிவிட வேண்டாம். பரம்பரை உண்டு, தைராய்டு உண்டு, சில மருந்துகளும் உண்டு; சோற்றைத் தவிர வேறெதுவும் வாங்க வழியில்லாத வறுமையும் உண்டு. பெரிய புனித கிரகோரியார் இப்பாவத்தை ஐந்து வகையாகப் பிரித்தபோது, அளவு மிஞ்சி உண்பது அவற்றில் ஒன்று மட்டுமே. வேளைக்கு முன் உண்பது, விலையுயர்ந்ததைத் தேடுவது, பக்குவத்தில் குறை காண்பது, பேராவலோடு உண்பது மற்ற நான்கு. ஒல்லியானவர்களும் தப்ப முடியாது.

திருச்சபை இன்று 18 வயதுமுதல் 59 வரை உள்ளவர்களிடம் கேட்கும் ஒருசந்தி ஆண்டில் இரண்டே நாள்: திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும். சுத்தபோசன நாளில் நாம் செய்வதென்ன? இறைச்சியை விட்டுவிட்டு, வடை பாயசத்தோடு அதற்கு ஈடுகட்டிக்கொள்கிறோம்.

சென்ற ஆண்டு நாம் அடக்கம் செய்த ஒரு தகப்பனுக்கு வயது 42. மூன்று பிள்ளைகள். அவருக்குச் சர்க்கரை இருந்தது மருத்துவமனையில் கடைசி நாளன்றுதான் தெரிந்தது. அவர் வீட்டில் பலமுறை விருந்துண்ட நாம், அவரிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இந்த உரைக்குக் காரணம் அதுவே.

செய்யக்கூடியது உண்டு. சென்னையில் மருத்துவர் இராமச்சந்திரன் குழுவினர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், நீரிழிவின் விளிம்பில் நின்றவர்கள் உணவைச் சீர்செய்து, தினமும் நடந்தார்கள். எடை பெரிதாக இறங்கவில்லை. ஆயினும் நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 28 சதவீதம் குறைந்தது.

விழா அசனத்தில் "இன்னும் கொஞ்சம்" என்று எவர் இலையிலும் வற்புறுத்திப் போட வேண்டாம். வீடு மந்திரிக்க நாம் வரும்போது ஒரு குவளை மோர் போதும், கோபிக்க மாட்டோம். வரும் ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்ததும் மருந்தகச் சகோதரிகள் அளவு நாடாவுடன் மண்டபத்தில் இருப்பார்கள். வரிசையில் முதலாவதாக நாம் நிற்போம்.