உள்ளத்திற்கும் ஒரு வான்கதவு வேண்டும்!

(கந்தளாயில் கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



குளத்தை நம்பி வாழும் உங்களுக்கு நீரின் இயல்பை நாம் கற்பிக்க வேண்டியதில்லை. 1986 ஏப்ரல் 20ஆம் நாள், பொழுது புலருமுன், கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றது. கட்டு உடைந்தபின் அழுவதினும், மிகுநீர் வெளியேற வழி வைத்தலே அறிவுடைமை. மனித உள்ளத்திற்கும் அத்தகைய வழி வேண்டாவோ?

2020 மார்ச்சு மாதத்தில் ஊரடங்கு வந்தது, வீடே கந்தோராயிற்று. 2022 ஜூனில் எரிபொருள் இன்றி நாடு தவித்தபோது, அரச உத்தியோகத்தரை வீட்டிலிருந்தே பணிபுரியுமாறு அரசாங்கம் பணித்தது. இன்றும் கணினி முன் அமர்ந்து வீட்டிலேயே தொழில் செய்வோர் உளர். அவர்களுக்குப் போக்குவரத்துச் செலவு மிச்சமே. ஆயின் இழந்தது யாது? வேலைக்கும் வீட்டுக்கும் இடையிலிருந்த எல்லை! தேநீர் வேளையில் தோழரோடு பேசி ஆறிய துன்பம் இப்போது நான்கு சுவருக்குள் தேங்குகின்றது. அடுக்களையும் அலுவலும் ஒருங்கே சுமக்கும் பெண்களின் நிலையோ இன்னும் கொடிது.

இஃது உத்தியோகத்தரின் தொல்லை மட்டுமே எனக் கமக்காரர் எண்ணலாகாது. உழவனுக்கு வீடும் தொழிலும் என்றும் ஒன்றே. 2021இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டு விளைச்சல் சரிந்தபோது, அந்தக் கவலையை அவன் எந்தக் கந்தோரில் பூட்டிவிட்டு வீடு திரும்புவான்? கடனும் அவனுடன் ஒரே பாயில் அன்றோ படுத்தது!

இந்நிலையில், வீடு தேடி வரும் துணை தொலைபேசியே. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் இலக்கம் இந்நாட்டில் உண்டு. இந்தியாவிலோ 2022 ஒக்டோபர் 10ஆம் நாள் 'டெலி மானஸ்' சேவை தொடங்கப்பெற்று, 14416 என்னும் இலக்கத்தில் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் உளவளத்துணை வழங்கி வருகின்றது. பேருந்துச் செலவில்லை, வைத்தியசாலை வாயிலில் அயலார் காண்பரே என்ற கூச்சமும் இல்லை.

ஆயினும் கருவி மட்டும் போதாது. நாம் கேட்பன மூன்று.

முதலாவது, மொழி. துன்பம் தாய்மொழியிலேயே வாய் திறக்கும். 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. நள்ளிரவில் அழைக்கும் தமிழ் மகனுக்குத் தமிழ்க் குரல் விடையளித்தல் சலுகையன்று, உரிமை!

இரண்டாவது, மனிதத் தொடர்பு. கைத்தொலைபேசிச் செயலி மூச்சுப் பயிற்சி சொல்லித் தரலாம். உயிர் தவிக்கும் வேளையில் மறுமுனையில் மனிதரே வேண்டும். மருந்தும் வைத்தியரும் தேவைப்படுவோரை அருகிலுள்ள வைத்தியசாலையோடு இணைக்கும் ஒழுங்கும் வேண்டும்.

மூன்றாவது, வேலைக்கு வரம்பு. பணிநேரம் முடிந்தபின் தொடர்பைத் துண்டிக்கும் உரிமையைப் பிரான்சு 2017 முதல் சட்டமாக்கியுள்ளது. இரவு பத்து மணிக்கும் கட்டளை அனுப்பிவிட்டு, மறுநாள் உளநலம் பேணுமாறு புத்தி புகட்டும் முதலாளி யாரை ஏமாற்றுகின்றார்?

அன்பர்களே! காய்ச்சலுக்கு வைத்தியரை நாடுவதில் வெட்கமில்லை. உறக்கமற்ற உள்ளத்திற்கு உதவி கேட்பதில் மட்டும் வெட்கம் எதற்கு? 1926 என்னும் இலக்கத்தை வீடுதோறும் எழுதி வையுங்கள். வாடிய முகத்தோடு இருப்பவரைக் கண்டால் காரணம் கேளுங்கள். கேட்டபின், இடைமறியாது செவிமடுங்கள்.