இருப்பு மைசூரில், பிழைப்பு பெங்களூரில்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையில் மொழியின் தொன்மையையும் இலக்கியத்தின் இனிமையையும் எடுத்துரைப்பது மரபு. இன்று அவற்றைச் சற்றே ஒதுக்கிவைத்து, பொழுது புலருமுன் நம் தெருக்களிலிருந்து இரயில் நிலையத்தை நோக்கி விரைந்து செல்பவர்களைப் பற்றிப் பேச விழைகின்றோம். தேவராஜ மொஹல்லாவில் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில் ஒருவரேனும் பெங்களூர் சென்று உழைத்துத் திரும்புகின்றார். நாமும் சில ஆண்டுகள் அவ்வாறு சென்று வந்தவர்களே. இவ்வாழ்வால் நாம் பெறுவது யாது, இழப்பது யாது என்பதை ஆராய்ந்து பார்ப்பது நம் கடன்.

மைசூரைப் புறநகர் என்று அழைத்தால் நகைப்புக்கு இடமாகும்; இஃது அரசர் வீற்றிருந்த தலைநகர். சென்னையில் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-ஆம் ஆண்டில் மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. அத்தொலைவு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். மைசூருக்கும் பெங்களூருக்கும் இடையேயுள்ள இருப்புப்பாதையோ ஏறத்தாழ 140 கிலோமீட்டர். எனினும், 1882-இல் அமைந்து முடிந்த அப்பாதை, பின்னாளில் அகலப்பாதையாகி, இரட்டைப்பாதையாகி, மின்மயமும் ஆயிற்று. சாமுண்டி எக்ஸ்பிரசும், 2022-இல் திப்பு எக்ஸ்பிரஸ் என்ற பெயர் மாறி உடையார் எக்ஸ்பிரஸ் ஆன வண்டியும் நம்மவர்க்கு நன்கு பழகியவை. 2021-இல் கெங்கேரி வரை மெட்ரோ வந்தது. அதனால் அங்கே இறங்கி நகருக்குள் செல்லவும் வழி பிறந்தது. இவ்வாறு தலைநகராய் இருந்த ஊரின் ஒரு பகுதி, மற்றொரு நகருக்குப் படுக்கையறையாகி வருகின்றது.

முதலில் நன்மைகளை நோக்குவோம். பெங்களூரில் இரண்டு அறைகளுக்குக் கொடுக்கும் வாடகையில் இங்கே முற்றத்துடன் கூடிய வீடே கிடைக்கக்கூடும். முதிய பெற்றோரைத் தனியே விடாமல் உடன் வைத்துப் பேணலாம். மருத்துவமனையும் பள்ளியும் அருகில் உள்ளன. தேவராஜ மார்க்கெட்டுக்கு நடந்து சென்றால் மைசூர் மல்லிகையும் வெற்றிலையும் நஞ்சன்கூட்டு ரசவாழைப் பழமும் புதிதாகக் கிடைக்கின்றன. இர்வின் சாலை வழியே சென்றால் இரயில் நிலையமும் நடக்கும் தொலைவே. 2016-இல் நடுவண் அரசு நடத்திய தூய்மைக் கணக்கெடுப்பில் 73 நகரங்களுள் முதலிடம் பெற்ற ஊர் இது. பயணத்திலும் ஓர் இன்பம் உண்டு. நாள்தோறும் ஒரே பெட்டியில் செல்வோர் உறவினர்போல் ஆகிவிடுகின்றனர். மத்தூர் வடையைப் பகிர்ந்துண்டு வளர்ந்த நட்புகள் எத்தனையோ!

இனி மறுபக்கத்தை நோக்குவோம். நாம் வாடகையைக் கணக்கிடுகின்றோம், நேரத்தைக் கணக்கிடுவதில்லை. வண்டியில் இரண்டரை மணி. வீட்டிலிருந்து நிலையத்துக்கும் நிலையத்திலிருந்து அலுவலகத்துக்கும் மிகக் குறைத்து வைத்தாலும் அரை மணி. ஆகப் போகவும் வரவும் ஆறு மணி நேரம். ஆண்டில் 250 நாள் வேலை எனின் 1500 மணி நேரம். அதாவது இரவும் பகலும் சேர்த்து 62 நாட்கள். ஒவ்வோர் ஆண்டும் முழுமையாக இரண்டு மாதங்களை இருப்புப்பாதைக்குக் காணிக்கையாக்குகின்றோம்.

விரைவுச் சாலை வந்துவிட்டதே என்பர் சிலர். ஏறத்தாழ 8,480 கோடி ரூபாய்ச் செலவில் அமைந்த 118 கிலோமீட்டர் நீளச் சாலை 2023 மார்ச் 12-ஆம் நாள் திறக்கப்பட்டது. மூன்று மணி நேரப் பயணம் 75 நிமிடமாகும் என்றனர். ஆனால் சாலை முடியும் இடத்தில் அலுவலகம் தொடங்குவதில்லை. ஒயிட்ஃபீல்டில் வேலை செய்பவர் பெங்களூர் முழுவதையும் கடந்தாக வேண்டும். மேலும், விபத்துகளைக் கருதி அவ்வாண்டு ஆகஸ்டு முதல் நாளிலிருந்து இருசக்கர வண்டிகளும் ஆட்டோக்களும் அதன் விரைவுத் தடத்தில் தடுக்கப்பட்டன. கார் உடையவர்க்கு அது வழி. எளியவர்க்கு இரயிலே கதி.

நேரத்தை இழப்பவர் பயணம் செய்பவர் மட்டுமல்லர். அண்மையில் ஒரு வீட்டுக்குச் சென்றிருந்தோம். ஐந்து வயதுக் குழந்தையிடம், “அப்பா எப்போதம்மா வருவார்?” என்று கேட்டோம். “ஞாயிற்றுக்கிழமை வருவார்” என்றது குழந்தை. அத்தந்தை இரவுதோறும் வீடு திரும்புபவர்தாம். குழந்தை விழித்திருக்கும்போது வருவதில்லை. அது கண் விழிக்குமுன் புறப்பட்டும் விடுகின்றார். அன்று நமக்கு உண்ட காப்பி கசந்தது.

பயணம் செய்பவர் பெண்ணாயின் சுமை இருமடங்கு. நான்கு மணிக்கு அடுப்பு மூட்டி, அனைவர்க்கும் உணவு சமைத்துவைத்து, ஓட்டமும் நடையுமாக வண்டி பிடிக்கின்றார். இரவு திரும்பியபின் கழுவாத பாத்திரங்கள் அவருக்காகக் காத்திருக்கின்றன.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இதில் மற்றுமோர் இழப்பு உண்டு. நம் பிள்ளைகள் தெருவில் கன்னடம் பேசுகின்றனர். பள்ளியில் ஆங்கிலம் பயில்கின்றனர். இரண்டும் வேண்டுவனவே, நம்மை வாழவைக்கும் நாட்டின் மொழியை நன்கு கற்பது நன்றியுடைமையாகும். ஆனால் தமிழுக்கு இங்கே வீடு ஒன்றே பள்ளி. மாலைப்பொழுது ஒன்றே வகுப்பு. அந்த மாலையில் பேசுவதற்குப் பெற்றோர் இல்லையெனின், “சாப்பிடு, படு, எழுந்திரு” என்னும் மூன்று சொற்களோடு தமிழ் நின்றுவிடும். சங்கத்தின் மாலை வகுப்புக்கு ஆசிரியராக வரவேண்டிய இளைஞரும் அந்நேரத்தில் மண்டியாவைக் கடந்துகொண்டிருக்கின்றார்.

ஊருக்கும் இதனால் கேடு உண்டு. பெங்களூர்ச் சம்பளம் வாங்குபவர் கொடுக்கும் வாடகையை உள்ளூர்ச் சம்பளம் வாங்குபவர் கொடுக்க இயலுவதில்லை. இரவில் உறங்க மட்டும் வருபவர்க்குத் தெருக்குழாயின் குறையும் சாக்கடையின் அடைப்பும் கண்ணில் படுவதில்லை.

வீடும் தொழிலும் அருகருகே அமைதல் வேண்டும் என்பது பழைய கனவு. இங்கிலாந்தில் எபினேசர் ஹோவர்டு என்னும் அறிஞர் 1898-இல் தோட்ட நகரம் பற்றி நூல் எழுதினார். 1903-இல் லெச்வொர்த் நகரம் அக்கொள்கையில் எழுந்தது. அதே 1903-இல்தான் மைசூரிலும் நகர மேம்பாட்டுக் குழு அமைந்தது. 1961-இல் உற்பத்தி தொடங்கிய ஜாவா மோட்டார்சைக்கிள் தொழிற்சாலை இவ்வூரிலேயே பலர்க்குப் பிழைப்பளித்தது, 1996-இல் மூடப்பட்டது. அத்தகைய கதவுகள் மூடியபோதுதான் இரயில் நிலையத்தின் கதவு நமக்கு அகலத் திறந்தது.

ஆகவே, வேலையை விடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. சொல்ல உரிமையும் இல்லை. அரிசி விலை அறிந்தவர் அவ்வாறு சொல்லமாட்டார். நாம் வேண்டுவன சில. வீடு தேடுவோர் வாடகையோடு மணிக்கணக்கையும் கூட்டிப் பாருங்கள். 2020-இல் நோய்த்தொற்றுக் காலத்தில் வீட்டிலிருந்தே வேலை நடக்கக்கூடும் என்பதைக் கண்டோம். வாரத்தில் இரண்டு நாளேனும் அவ்வுரிமையைக் கேட்டுப் பெறுங்கள். வீட்டுவேலையை ஆடவரும் பகிர்ந்துகொள்ளுங்கள். சங்கம் தன் தமிழ் வகுப்பை ஞாயிறு காலைக்கு மாற்றட்டும். மற்ற மாலைகளில், ஓய்வுபெற்ற பெரியவர்கள் தத்தம் தெருப் பிள்ளைகளை அழைத்து ஒரு கதையேனும் சொல்லுங்கள். பாட்டிமார்க்கு இதற்குப் பயிற்சி வேண்டியதில்லை.

மைசூரில் இருப்பது உடல் மட்டுமாயின் அது வாழ்வாகாது. “அப்பா இன்று வருவார்” என்று அக்குழந்தை சொல்லும் நாளே நம் பயணத்துக்குப் பயன் கிடைத்த நாள். அந்நாளை விரைவில் காண முயல்வோமாக!