அரிவாளாய் வளையும் அணுக்கள்

(ஆதரவாளர் கூடுகையில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



நம் சரீரத்தின் ஒவ்வொரு திசுவுக்கும் பிராணவாயு தேவை. அதைச் சுமந்து செல்வது சிவப்பணுக்களிலுள்ள ஹீமோகுளோபின். நல்ல சிவப்பணு வட்டமாக, வளைந்துகொடுக்கும் தன்மையோடு இருக்கும். தன்னைவிடக் குறுகிய நுண்குழாயிலும் நுழைந்து போய்விடும். சுமார் 120 நாட்கள் உயிர்வாழும்.

நீலகிரியின் பழங்குடி மக்களில் சிலருக்கு இந்த ஹீமோகுளோபின் பிறவியிலேயே மாறியிருக்கிறது. 1952-ஆம் ஆண்டிலேயே ஆராய்ச்சியாளர்கள் இதைக் கண்டறிந்து எழுதினார்கள். பிராணவாயுவைத் திசுக்களுக்குக் கொடுத்தபின் இவர்களுடைய அணு விறைத்து, அரிவாள்போல் வளைந்துவிடுகிறது. வளைந்த அணுக்கள் சிறு குழாய்களை அடைத்துக்கொள்கின்றன. அதற்கு அப்பால் இரத்தமில்லை; பிராணவாயுவும் இல்லை. அந்த எலும்பும் தசையும் துடிக்கும் வலியே இந்நோயின் வலி. அந்த அணுக்களும் 10 முதல் 20 நாட்களில் அழிந்துபோவதால் இரத்தசோகையும் கூடவே வருகிறது.

கிராமங்களுக்குப் போகும்போது நாங்கள் கேட்பது என்ன? "பிள்ளை சோம்பேறி, பள்ளிக்குப் போகாமலிருக்கக் காலைப் பிடித்துக்கொண்டு அழுகிறான்" என்பார்கள். சிலர் செய்வினை என்பார்கள். சிலர் தாயைக் குற்றம் சொல்வார்கள். இது யாருடைய பாவத்தாலும் வந்ததல்ல. தாய், தகப்பன் இருவரிடமும் இந்தக் கூறு மறைந்திருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு நோய் வர 25 சதவீத வாய்ப்பு உண்டு. இதைச் சொன்னவுடன் தலைகுனிந்து நின்ற தாய் நிமிர்ந்து பார்ப்பதை நாங்கள் கண்டிருக்கிறோம்.

செய்யக்கூடியவை பல உண்டு. நிறையத் தண்ணீர் குடிக்கவேண்டும், குளிர்படாமல் போர்த்திக்கொள்ளவேண்டும். மண்ணீரல் பழுதடைவதால் கிருமிகள் எளிதில் தாக்கும். ஆகவே சிறு பிள்ளைகளுக்குப் பென்சிலினும் தடுப்பூசியும் அவசியம். காய்ச்சல் கண்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும். மறுநாள் என்பது சில பிள்ளைகளுக்கு இல்லாமலே போய்விடும். ஹைட்ராக்சியூரியா மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிற பலருக்கு வலி வரும் நாட்கள் குறைகின்றன. 2023-இல் மத்திய அரசும் இந்நோயை ஒழிக்கத் தேசியத் திட்டம் தொடங்கி, 40 வயது வரையுள்ளோரைப் பரிசோதித்து வருகிறது.

ஆனால் மாத்திரை தினமும் வேண்டும், மலைப்பாதையோ நீளமானது. மழைக்காலத்தில் ஜீப் ஏறிவரக் கூலியை இழக்கும் குடும்பங்கள் பாதியில் நின்றுவிடுகின்றன. உங்கள் காணிக்கை அந்தத் தூரத்தைக் குறைக்கிறது: ஒரு துளி இரத்தப் பரிசோதனையாக, ஒரு மாத மாத்திரையாக, இரவில் புறப்படும் வண்டியின் டீசலாக.  தொடர்ந்து தாங்குங்கள்.