சுண்ணாம்பை அறிந்து இடுவோம்
(கமக்காரர்க்கு ஆற்றிய பேச்சு)



வெற்றிலைத் தட்டத்திலும் வீட்டுச் சுவரிலும் நாள்தோறும் நாம் காணும் சுண்ணாம்பைப் பற்றியே இன்று உங்களோடு பேச வந்துள்ளேன். சுண்ணாம்பை அறியாதார் எவருமிலர். ஆயினும் அதன் குணத்தை அறியாது நிலத்தில் இட்டுக் கைப்பொருளையும் பசளையையும் ஒருங்கே இழப்போர் உளர். அவ்விழப்பைத் தவிர்ப்பதே என் நோக்கமாகும்.

சுண்ணாம்புக்கு அடிப்படையான பொருள் கல்சியம் என்னும் உலோகம். ஹம்பிரி டேவி என்னும் ஆங்கில விஞ்ஞானி 1808ஆம் ஆண்டில் மின்சாரத்தின் துணைகொண்டு இதனை முதன்முதலாகப் பிரித்தெடுத்தார். இவ்வுலோகம் தனித்து நிற்கும் இயல்புடையதன்று. காற்றுப்பட்டால் மங்கும், நீரிலிட்டால் வாயுவை எழுப்பும். ஆதலால் இயற்கையில் எப்பொழுதும் வேறு பொருள்களுடன் கூடியே இருக்கும். சுண்ணக்கல், சிப்பி, முட்டையோடு ஆகிய மூன்றிலும் பெரும்பகுதியாயிருப்பது கல்சியங் காபனேற்று என்னும் ஒரே பொருளேயாம்.

தூய சுண்ணக்கல் 100 கிலோவைச் சூளையில் ஏறக்குறைய 900 பாகை வெப்பத்திற் சுட்டால், காபனீரொட்சைட்டு வாயு வெளியேற, 56 கிலோ சுட்ட சுண்ணாம்பே எஞ்சும். அதன்மேல் நீர் தெளித்தால் அது கொதித்துப் பூத்து மாவாகும். இதுவே நீறிய சுண்ணாம்பு. சுவரிற் பூசியபின் அது காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை மீண்டும் ஏற்றுப் பழையபடி கல்லாகின்றது. சுண்ணாம்பு நீற்றும்போது சிறுவரை அருகில் விடவேண்டாம். கண்ணிற் பட்டால் பார்வையே கெடக்கூடும்.

இனி நிலத்துக்கு வருவோம். சுண்ணாம்பின் முதன்மையான குணம் புளிப்பை மாற்றுவது. பெருமழை பெய்யும் மலைநாட்டிலும் ஈரவலயத்திலும் மழைநீர் மண்ணிலுள்ள கல்சியத்தைக் கரைத்துக்கொண்டு போய்விடுகின்றது. மண் புளித்ததும் அலுமினியம் கரைந்து வேர்களைத் தாக்கும். இட்ட பொசுபரசுப் பசளையும் பயிருக்கு எட்டாது கட்டுண்டு கிடக்கும். கோவாப் பயிரின் வேர் பருத்து வீங்கும் நோயும் புளித்த மண்ணிலேயே மிகுதியாகக் காணப்படும். இத்தகைய நிலத்துக்குச் சுண்ணாம்போ தொலமைற்றுத் தூளோ நல்ல மருந்து. தொலமைற்று கல்சியத்துடன் மகனீசியத்தையும் தரும். நடுவதற்குச் சில வாரங்களுக்கு முன்னரே தூவி, மண்ணுடன் நன்கு கலந்துவிடுதல் வேண்டும்.

ஆயின் எல்லா மண்ணும் புளித்த மண்ணன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலம் சுண்ணக்கல்லின் மேல் அமைந்தது. அங்கே கிணற்றுநீரைக் கொதிக்கவைத்த கேத்திலின் அடியிற் படியும் வெண்படையைப் பாருங்கள்; அதுவும் சுண்ணக்கல்லே. இறைக்குந்தோறும் கல்சியம் பெறும் அத்தோட்டங்களில் மேலும் சுண்ணாம்பு இடுவது வீண்செலவு மட்டுமன்று, கேடுமாகும். இரும்பும் நாகமும் பயிருக்குக் கிடையாமற்போக, நரம்பு பச்சையாயிருக்க இலை மஞ்சளாகும்.

நெல்வயலின் நிலையோ வேறு. புளித்த மண்ணாயினும் சில வாரங்கள் நீர் தேங்கி நின்றால் அதன் புளிப்புத் தானே குறையும். துருநிறமான நீர் ஊறும் வயலில் முதலில் வடிகாலைச் சீர்செய்யுங்கள். சுண்ணாம்பு வேண்டுமா என்பதை மண் பரிசோதனை கூறட்டும். வயலிற் பல இடங்களில் 15 சென்ரிமீற்றர் ஆழம் வரை மண்ணெடுத்து, ஒன்றாகக் கலந்து, நிழலில் உலர்த்தி, அதில் அரைக் கிலோவை உங்கள் விவசாயப் போதனாசிரியரிடம் ஒப்படையுங்கள்.

இன்னுமொரு எச்சரிக்கை. சுண்ணாம்பையும் அமோனியம் சல்பேற்றையும் ஒருபோதும் ஒன்றாகக் கலவாதீர்கள். ஐயமிருந்தால் ஒரு பழைய தட்டில் இரண்டிலும் சிறிதளவு இட்டுச் சில துளி நீர் விட்டுப் பாருங்கள். மூக்கைத் துளைக்கும் நெடியொன்று எழும். அது அமோனியா, நீங்கள் விலைகொடுத்து வாங்கிய நைதரசன் காற்றோடு போகும் நெடி. யூரியாவுக்கும் இதே விதிதான். சுண்ணாம்பு இட்டு இரண்டு மூன்று வாரங்கள் கழிந்த பின்னரே இவற்றை இடுங்கள்.

தக்காளிக் காயின் அடிப்புறம் கருகி அழுகுவதைக் கண்டதும் சுண்ணாம்பைத் தேடி ஓடுவோர் உண்டு. அது காய்க்குக் கல்சியம் எட்டாமையால் வருவதென்பது உண்மையே. ஆனால் மண்ணிற் கல்சியம் நிறைந்திருந்தும் இது வரும். கல்சியம் நீரோடு சேர்ந்தே செடியில் ஏறும். இலையில் ஒருமுறை சேர்ந்தது காய்க்குத் திரும்பி வாராது. சில நாள் காயவிட்டுப் பின் வெள்ளமாக இறைப்பதே பெரும்பாலும் இதற்குக் காரணம். ஒழுங்காக இறையுங்கள், நைதரசனை அளவுக்கு மிஞ்சி இடாதீர்கள்.

நிலத்தைப் பேணும் நாம் நம் உடலையும் பேணவேண்டாமா? வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறக்குறைய ஒரு கிலோ கல்சியம் உண்டு. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு எலும்பிலும் பல்லிலும் உள்ளது. உணவிற் குறைந்தால் உடல் எலும்பிலிருந்தே அதை எடுத்துக்கொள்ளும். 100 கிராம் தீட்டிய அரிசியிற் கல்சியம் ஏறக்குறைய 10 மில்லிகிராம் மட்டுமே; அதே நிறைக் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. பாலும் தயிரும் முருங்கையிலையும் முள்ளோடு உண்ணும் நெத்தலியும் நன்மை தரும். கருவுற்ற தாய்மாருக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் இவை இன்றியமையாதன. வெற்றிலைச் சுண்ணாம்பை உணவென்று எண்ணவேண்டாம். பாக்கும் புகையிலையும் சேர்ந்த அவ்வழக்கம் வாய்ப்புற்றுநோயைத் தருவது.

பெருமக்களே, சுண்ணாம்பு வேண்டிய நிலத்துக்கு அமிர்தம். வேண்டாத நிலத்துக்குச் சுமை. வரும் போகத்துக்குச் சுண்ணாம்பு மூடையை வாங்குமுன் அரைக் கிலோ மண்ணைக் கொண்டு வாருங்கள்.