கண்டுபிடிப்பும் கல்விச்சாலையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பத்தாம் வகுப்புத் தேறி, இரயில்வே அலுவலகத்தில் குமாஸ்தாவாகப் பணிபுரியும் எம்மை, கண்டுபிடிப்பாளர்களைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். பொறியியலின் நுட்பங்களை விரித்துரைக்க யாம் தகுதியுடையோம் அல்லோம். ஆயினும் இருவருடைய வாழ்க்கை வரலாறுகள் நம் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றிய ஒரு கேள்வியை எழுப்புகின்றன. அதனை அவையின்முன் வைக்கவே வந்தோம்.

முதலாமவர் இரஷ்ய நாட்டினர். போரிஸ் ரோசிங் என்பது அவர் பெயர். 1869-ல் பிறந்த அவர், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்துத் தொழில்நுட்பக் கல்விக்கழகத்தில் ஆசிரியராய் விளங்கினார். தொலைவிலுள்ள உருவத்தை மின்சாரத்தால் காட்ட முயன்றோர் பலரும் அந்நாளில் துளையிட்ட சுழல்தட்டையே நம்பியிருந்தனர். ரோசிங்கோ, காற்று நீக்கிய கண்ணாடிக் குழாயினுள்ளே பாயும் மின்கதிரைக் கொண்டு, ஒளிரும் திரையில் உருவத்தைத் தோற்றுவிக்கலாம் எனக் கருதினார். 1907-ல் அதற்குக் காப்புரிமை கோரினார். 1911-ல் எளிய வடிவங்கள் சிலவற்றைத் திரையில் காட்டினார். பல்லாண்டுக் காலம் நம் கூடங்களில் வீற்றிருந்த படக்குழாய்த் தொலைக்காட்சிப் பெட்டிக்கு அது ஒரு வித்தாகும்.

அத்தகைய அறிஞரைச் சோவியத் ஆட்சி 1931-ல் வடகோடியிலுள்ள ஆர்க்காங்கெல்ஸ்க் பகுதிக்கு அனுப்பி ஒடுக்கியது. 1933-ல் அங்கேயே அவர் மறைந்தார். ஆனால் அவருடைய கலை மறைந்ததா? இல்லை. அவருடைய ஆய்வுக்கூடத்தில் துணைநின்று பயின்ற மாணவர் விளாடிமிர் சுவோரிகின், 1919-ல் அமெரிக்காவில் குடியேறினார். நம்மைப்போலவே பிறந்த மண்ணை விட்டுப் பெயர்ந்தவர் அவர். அங்கே ஐகனோஸ்கோப் என்னும் படம்பிடிக்கும் குழாயை உருவாக்கித் தொலைக்காட்சியின் வளர்ச்சிக்குப் பெருந்துணை புரிந்தார். ஆசிரியர் மறைந்தாலும் அவர் கற்பித்தது கடல் கடந்தும் வாழ்ந்தது!

இரண்டாமவர் நம்மவர். கோயம்புத்தூரை அடுத்த கலங்கலில் 1893-ல் பிறந்த ஜி. டி. நாயுடு. பள்ளிப் படிப்பில் அவருக்கு மனம் செல்லவில்லை. உணவு விடுதியில் பரிமாறிச் சேர்த்த கூலியைக் கொண்டு ஒரு மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கினார். ஊர் சுற்றவா? அன்று, அதனைப் பகுதி பகுதியாகக் கழற்றி, மீண்டும் பூட்டி, இயங்கும் முறையைக் கற்றுக்கொண்டார். அதுவே அவருக்குப் பள்ளிக்கூடம்.

1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்குமிடையே ஒரு பஸ்ஸைத் தாமே ஓட்டத் தொடங்கி, காலப்போக்கில் பெரிய போக்குவரத்து நிறுவனத்தையே உருவாக்கினார். உலர் மின்கலத்தால் இயங்கும் சவரக் கருவியை ஆக்கினார். டி. பாலசுந்தரத்தோடு சேர்ந்து 1937-ல் செய்த மின்மோட்டார், இந்தியாவிலேயே உருவான முதல் மோட்டார் எனப் போற்றப்படுகிறது. 1941-ல் ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குத் தர இயலும் என்று அறிவித்தார். 1952-ல் 2,000 ரூபாய் விலையில் இருவர் செல்லும் சிறு காரைத் திட்டமிட்டார். அரசின் உரிமம் கிடைக்கவில்லை. 1974-ல் அவர் மறைந்தார்.

இன்று அந்தச் சவரக் கருவியும் வானொலியும் கடைத்தெருவில் இல்லை. எஞ்சி நிற்பது யாது? 1945-ல் அவருடைய கொடையாலும் முயற்சியாலும் தோன்றிய தொழிற்கல்வி நிலையம், அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாகக் கோவையில் நின்று விளங்குகிறது. அங்கே முதல்வராக இருந்த நாயுடு, நான்காண்டுப் படிப்பு வேண்டா, இரண்டாண்டே போதும் என்று வாதிட்டார். அரசு இசையாமற்போகவே பதவியைத் துறந்தார். ஆண்டுக் கணக்கு எவ்வாறாயினும் ஆகுக. கைகொண்டு செய்து கற்க வேண்டும் என்ற அவர் கொள்கையை நாம் தள்ளிவிட இயலாது.

அன்பர்களே! ரோசிங்கும் நாயுடுவும் காட்டும் உண்மை ஒன்றே. செய்த பொருள் தேய்ந்து அழியும். கற்பித்த திறனோ கைமாறி வாழும்.

இந்த உண்மை நம் வலியசாலைக்குப் புதிதன்று. இங்குள்ள காந்தளூர் மகாதேவர் கோயிலின் பெயரை எண்ணிப் பாருங்கள். ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866-ல் பார்த்திவசேகரபுரத்தில் 95 மாணவர்க்கு ஒரு சாலை அமைத்தபோது, காந்தளூர்ச் சாலையின் ஒழுங்கையே முன்மாதிரியாகக் கொண்டான் என அவனுடைய செப்பேடு கூறுகிறது. அக்காந்தளூர்ச் சாலை இப்பகுதியிலேயே இருந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. நாம் நாள்தோறும் சொல்லும் ஊர்ப்பெயரிலேயே ஒரு கல்விச்சாலை உறங்குகிறது!

ஆனால் நம் வீடுகளில் நடப்பதென்ன? பழைய மின்விசிறியைப் பிள்ளை கழற்றினால் முதுகில் அடி விழுகிறது. விண்ணப்பப் படிவத்தை நிரப்பினால் பாராட்டுக் கிடைக்கிறது. குமாஸ்தா வேலையை யாம் இழித்துரைக்கவில்லை. எம் குடும்பத்தைக் காப்பது அதுவே. எனினும் காலனியின் பிள்ளைகள் அனைவரும் அந்த ஒரே வாயிலின்முன் வரிசையில் நிற்க வேண்டுமா? இதுவே யாம் கேட்க வந்த கேள்வி.

எனவே ஒரு வேண்டுகோள். சங்கத்தின் ஓர் அறையை ஞாயிறுதோறும் பட்டறையாக்குவோம். பழுதான வானொலி, தையல் இயந்திரம், மின்விசிறி ஆகியவற்றை வீட்டுக்கு ஒன்றாகத் தருவோம். மின்பணியும் மோட்டார் பணியும் அறிந்த பெரியவர்கள் நம்மிடையே உளர். அவர்கள் அருகிருந்து கற்பிக்க, ஆண்மக்களும் பெண்மக்களும் அச்சமின்றிக் கழற்றிப் பூட்டிப் பழகட்டும். அவர்களுள் எல்லோரும் நாயுடு ஆகிவிட மாட்டார்கள். ஆயினும் தம் கையால் ஒரு பொருளை இயங்கச் செய்த பிள்ளை, பிறகு எந்த வேலைக்குச் சென்றாலும் தலைநிமிர்ந்தே செல்லும்.

இவ்வேண்டுகோளை ஆட்சிக்குழு ஏற்றருளுமாறு பணிந்து கேட்டு அமைகின்றோம்.