அங்கன்வாடிக்கு இன்னொரு டீச்சர்

காஞ்சிபுரத்தில் குழித்தறியில் உட்காரும் அம்மாவுக்கு, மூணு வயசுப் பிள்ளை அங்கன்வாடிக்குப் போனால்தான் நாடா ஓடும். அங்கேயோ பாடம், எடை பார்ப்பது, பதிவேடு எல்லாம் ஒரே டீச்சர் தலையில்!

தமிழ்நாட்டில் 320 அங்கன்வாடிகளில் ஓர் ஆய்வு நடந்தது. பாதி மையங்களில் பாடம் நடத்தவென்றே அரைநாள் பணியாளர் ஒருவரைக் கூடுதலாகப் போட்டார்கள். 18 மாதத்தில் கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. கணக்கிலும் மொழியிலும் அந்தப் பிள்ளைகள் முந்தினார்கள்.

அது போதுமா? அமெரிக்காவின் 'ஹெட் ஸ்டார்ட்' மழலையர் திட்டத்தை ஆராய்ந்து, ஜான்சன், ஜாக்சன் என்ற பொருளியலாளர்கள் 2019-ல் எழுதினார்கள்: பிற்பாடு படித்த பள்ளிக்கும் நல்ல நிதி கிடைத்த ஊர்களில்தான் பலன் பெருகியது. பாவு மட்டும் இருந்து ஊடை இல்லாவிட்டால் சேலை ஏது?

அங்கன்வாடிக்கு ஆள் கேட்கும்போது, பக்கத்துத் தொடக்கப்பள்ளிக்கும் சேர்த்தே கேளுங்கள்.