தை மாதத்து முன்பணம்



எனக்கு முன்னால் பேசிய ஐயா, என்னைப் பூமியைக் காக்கப் புறப்பட்டவன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பூமி இருக்கட்டும் ஐயா. மாதம் பிறந்தால் வங்கித் தவணையிலிருந்து என்னைக் காத்துக்கொள்வதே எனக்குப் பெரிய பாடாக இருக்கிறது. நான் பாக்குமட்டைத் தட்டு செய்கிறவன். நோக்கம் நல்லதாக இருந்தால் தொழில் தானாக ஓடிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஓடாது. நல்ல நோக்கத்துக்கென்று தனியாக ஒரு செலவு இருக்கிறது. அந்தச் செலவை யார் தலையில் ஏற்றுவது என்று முதலிலேயே கணக்குப் போட்டவர்கள்தாம் இந்தத் தொழிலில் இன்னும் நிற்கிறார்கள். அந்தக் கணக்கைத்தான் இன்று உங்கள் முன் விரிக்கப்போகிறேன்.

வாழப்பாடிப் பக்கம் பாக்குத் தோப்பில் நடந்தவர்களுக்குத் தெரியும். மட்டையை யாரும் வெட்டுவதில்லை. பழுத்து, காய்ந்து, தானே விழுகிறது. ஒரு மரம் ஆண்டுக்கு ஆறேழு மட்டை போடும். முன்பெல்லாம் அது தோப்பிலேயே கிடந்து மட்கும், இல்லாவிட்டால் அடுப்புக்குப் போகும். இன்று பெண்கள் அதைப் பொறுக்கிக் கட்டுக் கட்டாகக் கட்டிக் கொடுக்கிறார்கள். நாங்கள் கழுவுகிறோம், ஊறவைக்கிறோம், ஈரம் வடியவிடுகிறோம், சூடேறிய இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்து அழுத்துகிறோம். பசை கிடையாது, மேல்பூச்சு கிடையாது. மட்டையின் அகலமான பகுதியில் ஒரு பெரிய தட்டு, மிச்சத்தில் சின்னக் கிண்ணம் ஒன்றிரண்டு. ஓரத்துத் துண்டுகள் மீண்டும் தோப்புக்கு, எருவாக. தொழில்நுட்பம் என்று சொன்னால் இவ்வளவுதான்.

இவ்வளவு எளிதான தொழிலில் சிக்கல் எங்கே இருக்கிறது? மாதத்தில் இருக்கிறது. நல்ல காய்ந்த மட்டை கிடைப்பது தையிலிருந்து வைகாசி வரை. மழையில் நனைந்த மட்டையில் கரும்புள்ளி விழும், பூஞ்சை பிடிக்கும். அதில் தட்டு அடித்தால் மூன்றாம் நாள் வாடை வரும். ஆனால் கல்யாணமோ ஆவணியிலும் ஐப்பசியிலும் கார்த்திகையிலும்கூடக் கூட்டமாக வருகிறது. ஆக, மழைக் காலத்துக் கல்யாணத்துக்கு வேண்டிய மட்டையைக் கோடையிலேயே காசு கொடுத்து வாங்கி, நனையாமல் கூரைக்கடியில் அடுக்கி வைக்க வேண்டும். நம் தோப்புகள் போதாதபோது கர்நாடகத்திலிருந்து லாரியில் வரவழைக்க வேண்டும். நாட்டிலேயே அதிகம் பாக்கு விளைவது அங்கேதான். ஆறு மாதத்துப் பணம் மட்டையாகக் கிடங்கில் படுத்துக் கிடக்கிறது. வட்டி மட்டும் படுக்காது. எனக்குத் தெரிந்து இந்தத் தொழிலில் மூடிய பட்டறைகளில் பெரும்பாலானவை தட்டு விற்காமல் மூடியவை அல்ல. மட்டை வாங்கக் காசில்லாமல் மூடியவை.

2018 ஜூனில் அரசாணை வந்தது. 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் தடை. தெர்மாகோல் தட்டு, தண்ணீர் பாக்கெட், உறிஞ்சுகுழல், சாப்பாட்டு மேசை விரிப்பு, பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளை எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. அந்தத் தை மாதத்தில் எங்கள் வாசலில் வரிசை நின்றது. கேட்ட விலை கொடுத்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சிலும் இலைத் தட்டுக்கு இருந்த 5 சதவீத வரியை எடுத்துவிட்டது. எல்லாம் கூடிவந்தது போலத்தான் இருந்தது. ஆறே மாதத்தில் 2020 மார்ச் வந்தது. கல்யாணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடாது என்றார்கள். கிடங்கில் இருந்த மட்டையைக் கரையான் தின்றது. சட்டம் கொடுக்கும் வேகத்தை மட்டும் நம்பி இயந்திரம் வாங்கியவர்கள் அப்போது விற்றுவிட்டுப் போனார்கள். 2022 ஜூலையில் மத்திய அரசின் தடையும் வந்தது, உண்மை. ஆனால் தடை செய்த பொருள் சந்தையில் எங்கள் தட்டைவிட மலிவாக இன்றும் கிடைக்கிறது என்பது இங்கே இருக்கும் ஒவ்வொரு கடைக்காரருக்கும் தெரியும். யார் கடையில் என்று நான் கேட்கப்போவதில்லை, விருந்தாளியாக வந்திருக்கிறேன்.

பின்னால் நிற்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். "இயந்திரத்தை எங்களிடம் வாங்குங்கள், நீங்கள் அடிக்கும் தட்டு அத்தனையும் நாங்களே எடுத்துக்கொள்கிறோம்" என்று விளம்பரம் வரும். கொங்கு நாட்டில் இந்த வலையில் விழுந்து, தாலிக்கொடியை அடகு வைத்த குடும்பங்கள் உண்டு. இயந்திரம் வரும். முதல் இரண்டு லோடு எடுப்பார்கள். மூன்றாவது லோடுக்குத் தரம் சரியில்லை என்பார்கள். பிறகு தொலைபேசி எடுக்கமாட்டார்கள். அவர்கள் விற்றது இயந்திரம். தட்டு அவர்கள் தொழிலே அல்ல. மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்கள், மானியக் கடன் என்னென்ன உண்டு என்று கேளுங்கள். ஆனால் விண்ணப்பம் எழுதுவதற்கு முன்னால், வாங்கப்போகிற பத்துப் பேரின் பெயரை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எழுத முடியவில்லையென்றால் கடன் வாங்காதீர்கள்.

அடுத்து, பொய். பச்சை நிறத்தில் இலை படம் போட்டு "இயற்கை" என்று அச்சிட்டுவிட்டால் எதையும் விற்கலாம் என்ற காலம் இது. காகிதக் குவளையின் உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது; இல்லாவிட்டால் தேநீர் ஒழுகிவிடும். கரும்புச் சக்கைத் தட்டு நல்ல பொருள். சக்கையிலிருந்து காகிதம் செய்யும் ஆலை கரூர்ப் பக்கம் புகளூரிலேயே இருக்கிறது. ஆனால் எண்ணெய் ஊறாமலிருக்கச் சிலர் அதில் சேர்க்கும் ஃபுளோரின் இரசாயனம் மண்ணில் மட்காது. நம் சேலம் மாவட்டம் மரவள்ளிக்குப் பேர்போனது, அதனால் மாவுச்சத்துப் பை என்றால் நமக்கு ஒரு பாசம் உண்டு. அதை விற்க மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் வேண்டும். கேட்டுப் பார்த்து வாங்குங்கள். சான்றிதழ் இருந்தாலும், மக்கும் பிளாஸ்டிக் பலவும் மக்குவது 60 டிகிரி அளவுக்குச் சூடு நிற்கும் எருக்கூடத்தில். வசிஷ்ட நதியில் வீசினால் அது நாளைக்கே மண்ணாகிவிடாது.

அடுத்தவன் பொருளைக் குறை சொல்லிவிட்டு என் பொருளை மறைத்தால் நியாயமில்லை. 2025 மே மாதம் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. பாக்கு மரத்தில் இயல்பாகவே உள்ள ஆல்கலாய்டுகள் தட்டிலிருந்து உணவுக்குள் இறங்கலாம், ஆகவே இந்தத் தட்டை உணவுக்குப் பயன்படுத்த அங்கே அனுமதியில்லை என்றது. ஏற்றுமதியை நம்பியிருந்தவர்களுக்கு இடி. "எல்லாம் வெளிநாட்டுக்காரன் சதி" என்று எங்கள் தொழிலிலேயே பலர் பேசினார்கள். நான் அப்படிப் பேசமாட்டேன். பாக்கு மெல்வது புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை சொல்லி இருபது ஆண்டுக்கு மேலாகிறது. கொட்டையில் இருப்பது மட்டையில் எவ்வளவு இருக்கிறது, கழுவி, சூட்டில் அழுத்திய பிறகு எவ்வளவு மிஞ்சுகிறது, கொதிக்கிற ரசம் ஊற்றினால் எவ்வளவு இறங்குகிறது? இதற்குக் கோபம் பதில் சொல்லாது, ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். தனியொரு பட்டறையால் அந்தச் செலவைத் தாங்க முடியாது. பட்டறைக்காரர்கள் கூடி, பல்கலைக்கழகத்தைக் கேட்டு, அரசையும் சேர்த்துக்கொண்டு, முடிவு எதுவானாலும் ஊரறியச் சொல்ல வேண்டும். எதிராக வந்தாலும் சொல்ல வேண்டும். பெயரில் மட்டும் இயற்கையை வைத்துக்கொண்டு, சோதனைக்கு அஞ்சுகிறவன் பிளாஸ்டிக் வியாபாரியைவிட எந்த விதத்தில் மேல்?

இதைக் கேட்டுவிட்டு, "இவன் தன் கடையைத் தானே மூடுகிறான்" என்று முதல் வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வது எனக்குக் கேட்கிறது. இன்னும் கேளுங்கள். வாழையிலை கிடைக்கிற ஊரில், பந்தி போட்டுப் பரிமாறுகிற வீட்டில், என் தட்டை வாங்காதீர்கள். அதற்கு நிகர் எதுவும் இல்லை. அன்று மாலையே மாடு தின்றுவிடும். அலுவலகம், விடுதி, பள்ளி என்று கழுவத் தண்ணீரும் ஆளும் இருக்கிற இடத்தில் எவர்சில்வர் தட்டு வையுங்கள். மந்தாரை இலையைத் தைக்கத் தெரிந்த பாட்டிகள் இன்னும் உங்கள் ஊரில் இருந்தால் முதலில் அவர்களிடம் வாங்குங்கள். எங்கள் தட்டுக்கு இடம் எதுவென்றால், நின்றுகொண்டே கையில் ஏந்திச் சாப்பிடும் பஃபே, கழுவ வசதியில்லாத திருவிழாக் கூட்டம், வெள்ளம் வந்தால் நிவாரண முகாம். அந்த இடம் சின்னதல்ல. நம் ஊர் மண்டபங்களில் பஃபே வந்த வேகத்தைப் பார்த்தவர்களுக்கு அது புரியும். தேவையில்லாத இடத்திலும் விற்கிற தட்டு, எதில் செய்ததானாலும், குப்பைதான். மட்டையைத் தோப்பிலிருந்து எடுக்கும்போது அந்த மண்ணுக்குப் போகவேண்டிய எருவையும் சேர்த்துத்தான் எடுக்கிறோம். அதனால்தான் ஓரத்துத் துண்டுகளைத் தோப்புக்காரருக்கே திருப்பி அனுப்புகிறோம். லாரி வாடகை எங்களுடையது. நோக்கம் என்ற சொல்லை என் கணக்கு நோட்டில் தேடினால், அந்த வாடகைப் பக்கத்திலும், மட்டை பொறுக்கும் பெண்களுக்கு அன்றன்றே கொடுக்கும் கூலிப் பக்கத்திலும்தான் கிடைக்கும்.

நிறைவாக, மண்டப உரிமையாளர்களிடமும் சமையல் ஒப்பந்தக்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள். பாராட்டு விழாவும் பொன்னாடையும் எங்களுக்கு வேண்டாம். பணம் நேரத்துக்கு வர வேண்டும். சிறு, குறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தந்துவிட வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் ஒப்பந்தக்காரர் ஒருவர் எனக்குத் தர வேண்டிய தொகை அடுத்த கல்யாணப் பருவம் வரை இழுத்திருக்கிறது. அவரும் கல்யாணத்தில் பிளாஸ்டிக் ஒழிப்புப் பதாகை வைக்கிறவர்தான். உங்கள் மண்டபத்தில் ஆவணியிலும் ஐப்பசியிலும் எத்தனை முகூர்த்தம் பதிவாகும் என்று தை மாதமே உங்களுக்கு ஓரளவு தெரியும். அப்போதே எத்தனை தட்டு வேண்டும் என்று சொல்லுங்கள், விலையைப் பேசி முடியுங்கள், கால் பங்கு முன்பணம் கொடுங்கள். என்னிடம்தான் கொடுக்க வேண்டும் என்பதில்லை. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் எந்த மகளிர் குழு தட்டு அடிக்கிறதோ, அவர்களிடம் கொடுங்கள். மட்டை விழுகிற பருவத்தில் அவர்கள் கையில் பணம் இருக்கட்டும்.